கோணலார் வீடு

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்குச் சம்பள நாளில் மட்டும்தான் பயன்பட்டது. மற்ற நாள்களில் அவர் கோணலார். கடைக்காரருக்கும் கோணலார், பள்ளிக்கூட வாத்தியாருக்கும் கோணலார். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் அவரைப் பார்த்துவிட்டுக் குழம்புவார்கள். ஆள் விளக்குக் கம்பம் போல நிமிர்ந்து நடப்பார். தோளில் கோணல் இல்லை, பேச்சிலும் இல்லை. கோணல் இருந்தது தரைக்குக் கீழே, சுரங்கக் குழியின் நடுவயிற்றில். அதை அங்கே வைத்தவர் அவர். அதைச் சொல்ல அவர் ஒருநாளும் கூசியதில்லை.

செம்புக் கல் எடுக்க அந்தக் குழியை வெட்டத் தொடங்கியபோது அங்கே ஊரே கிடையாது. ஒரு தகரக் கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, நிலத்தைத் துளைத்துப் பார்த்துவிட்டுப் போனவர்கள் அடித்த சில முளைகள், அவ்வளவுதான். குழி என்றால் கிணறு மாதிரி நேராகக் கீழே இறங்குவது. உள்ளே ஒரு வீட்டுக் கூடம் அளவுக்கு வட்டம். பாறையைத் துளைத்து வெடி வைப்பார்கள். உடைந்த கல்லை இரும்புத் தொட்டியில் மேலே அனுப்புவார்கள். சுற்றுச் சுவருக்குக் கான்கிரீட் வளையம் கட்டுவார்கள். அதற்குக் கீழே மறுபடி துளை, மறுபடி வெடி. இறங்க இறங்க மேலே தெரிகிற வானம் தட்டு அளவாகி, பிறகு பொத்தான் அளவாகும்.

இதில் அவர் வேலை தூக்குக்குண்டு பார்ப்பது. குழி வாயிலிருந்து மெல்லிய கம்பியைக் கீழே விட்டு, நுனியில் கனமான குண்டைத் தொங்கவிட்டு, அது ஆடாமலிருக்க எண்ணெய் வாளிக்குள் அமிழ்த்தி வைப்பார்கள். கம்பி எங்கே நிற்கிறதோ அதைப் பார்த்து அடுத்த வளையத்துக்குக் கான்கிரீட் ஊற்றும் அச்சை நிறுத்துவார்கள். கம்பி பார்க்கும்போது கீழே யாரும் இருக்கக் கூடாது. உள்ளே காற்று ஊதும் பெரிய விசிறியும் ஓடக் கூடாது. இது எழுதாத சட்டம்.

கோணல் விழுந்த அன்றைக்குத் தலைமை அளவையாளர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அடியில் பாறை வெடித்துத் தண்ணீர் பீறிட்டது. ஆறு பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று இறைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை மேலே ஏற்றினால் தண்ணீர் ஏறிவிடும். அவர்கள் கீழே இருக்கும்போது விசிறியை நிறுத்தினால் வெடிப்புகையில் மூச்சு முட்டும். மேலே கலவை கலந்தாகிவிட்டது. வளையம் கட்டாவிட்டால் சுவர் சரியும்.

ஒப்பந்தக்காரர் வந்து நின்றார். "என்னப்பா, இன்னும் கம்பி விடலியா?"

"கீழ ஆளுங்க இருக்காங்க. காத்தை நிறுத்த முடியாது."

"நிறுத்தாமலே பாரு. உனக்குத் தெரியாத கம்பியா?"

அந்தக் கடைசிப் பேச்சுதான் ஆளைக் கவிழ்த்தது. வயசு இருபதைத் தாண்டியிருக்கவில்லை. மீசையைவிடப் பெருமை அடர்த்தியாக இருந்த காலம். கம்பியை விட்டார். அது ஆடியது, ஆடியது, பிறகு அடங்கி அசையாமல் நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். ஈ உட்கார்ந்தால்கூடத் தெரியும் போல அப்படி ஒரு அமைதி. "அச்சைப் பூட்டுங்க" என்றார்.

கம்பி அசையவில்லைதான். ஆனால் விசிறி ஒரே சீராக ஊதியது. ஒரே சீரான காற்று கம்பியை ஒரே சீராகத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆடாமல் நிற்கிறதே, நேராகத்தான் நிற்கும் என்று அவர் நம்பிவிட்டார். அந்த வளையத்தைப் பார்த்து அடுத்த வளையம், அதைப் பார்த்து அதற்கடுத்தது. தலைமை அளவையாளர் காய்ச்சல் தெளிந்து வந்து, ஆள்களை ஏற்றி, விசிறியை நிறுத்தி அளந்தபோது குழி இடப்பக்கமாக ஒரு சாண் விலகியிருந்தது.

விசாரணை தகரக் கொட்டகையில் நடந்தது. மற்றவர்கள் சப்பைக்கட்டு கட்டத் தயாராக இருந்தார்கள். பாறை தள்ளிவிட்டது என்று சொல்லலாம், தண்ணீர் சொட்டிக் கம்பியை அசைத்தது என்று சொல்லலாம். அவர் எழுந்து நின்றார்.

"காத்தை நிறுத்தாம நான்தான் பார்த்தேன். கீழ ஆறு பேர் இருந்தாங்க. நாளைக்கே மறுபடி இப்படி வந்தாலும் காத்தை நிறுத்த மாட்டேன். கம்பியைத்தான் விட்டிருக்கக் கூடாது."

கட்டிய வளையங்களை உடைக்கச் செலவு அதிகம். ஆகவே கீழே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழியை நேருக்குக் கொண்டுவந்தார்கள். கடைசியில் அது இடுப்பை ஒடித்து நிற்கும் ஆளைப் போல நின்றது. ஒப்பந்தக்காரர் வேலையை ஒப்படைத்தபோது கொடுத்த வரைபடத்தில் மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோடு. கான்கிரீட்டைவிட நன்றாகப் பூசி மெழுகியிருந்தார்.

தண்ணீர் இறைத்த ஆறு பேரும்தான் பெயர் வைத்தவர்கள். "நம்மள உயிரோட வெச்சாரு, குழியைக் கோணலா வெச்சாரு" என்று தொடங்கியது. முதலில் கோணல், பிறகு கோணலண்ணன், வயசு ஏற ஏற மரியாதையும் சேர்ந்து கோணலார்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் அந்தப் பெயர் முன்னாடியே போய் உட்கார்ந்திருந்தது. பெண், சுரங்கத்து விளக்கு அறையில் வேலை பார்த்தவள். தலையில் மாட்டும் விளக்குகளுக்கு மின்சாரம் ஏற்றி, துடைத்து, ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பது அவள் வேலை. பெண்ணின் அப்பா நேரடியாகவே கேட்டார்.

"குழியையே கோணலா வெட்டின ஆளு, குடும்பத்தை நேரா நடத்துவாரா?"

மாப்பிள்ளை வாயைத் திறக்குமுன் பெண் உள்ளேயிருந்து சொன்னாள். "ஏம்ப்பா, கோணலா வெட்டினவங்க ஊர்ல எத்தனையோ பேரு. ஆமா நான்தான்னு சொன்னது இவர் ஒருத்தர்தானே?"

பேச்சு அதோடு முடிந்து கல்யாணம் நிச்சயமானது.

பிறகு குழிக்கு நல்ல காலம். வாயின் மேல் இரும்புக் கோபுரம் எழுந்தது. அதன் உச்சியில் இரண்டு சக்கரங்கள். அவற்றின்மேல் ஓடும் கம்பி வடத்தில் ஒரு பக்கம் ஆள்கள் ஏறும் கூண்டு, மறுபக்கம் கல் ஏற்றும் பெட்டி. சங்கு ஊதினால் தெருக்கள் நிறையும். தகரக் கொட்டகை இருந்த இடத்தில் இரண்டு மாடி அலுவலகம், அதன் பின்னால் வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள், சந்தை, பள்ளிக்கூடம், முடிதிருத்தும் கடை. பகலும் இரவும் சக்கரம் சுற்றியது. பிள்ளைகள் அந்தச் சத்தத்தில்தான் தூங்கின. சக்கரம் நின்றால் விழித்து அழுதன.

முதல் நாள் கூண்டு இறங்கியபோதே கோணல் தன் இருப்பைக் காட்டிவிட்டது. கூண்டு வழுக்கி ஓடுவதற்காக இரு பக்கமும் நீண்ட மரச்சட்டங்கள் நிறுத்தியிருப்பார்கள். பாதி வழியில் வலப்பக்கச் சட்டம் கூண்டை ஒரு இடி இடித்தது. இருட்டில் நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். யாரோ சொன்னார், "இது நம்ம கோணலார் வீடுப்பா. வாசல்ல நின்னு தோளைத் தட்டுறாரு."

அன்றிலிருந்து அந்த இடம் கோணலார் வீடு. சில நாள்களில் ஒரு பழக்கமும் பிறந்தது. யாரும் உத்தரவு போடவில்லை. இடி வருவதற்குச் சற்று முன்னால் கூண்டில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இடப்பக்கம் சாய்வார்கள். இடி மெத்தென்று விழும். புதிதாக வந்தவனுக்குப் பக்கத்தில் நிற்பவர் தோளால் ஒரு இடி கொடுப்பார். இரண்டாம் நாள் அவனே சாய்வான். இதனால் உண்மையில் எவ்வளவு பயன் என்று பிற்காலத்தில் அவருடைய மகள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். பயன் உண்டு. நூலளவு.

அவர் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை குழிப் பராமரிப்பு. கூண்டின் கூரைமேல் ஏறி நின்று, இடுப்பில் கயிறு கட்டி, சுத்தியலால் சட்டங்களைத் தட்டிக்கொண்டே மெதுவாக இறங்குவார். கோணலில் வலப்பக்கச் சட்டம் மற்ற இடங்களைவிட வேகமாகத் தேயும். அதை மாற்றுவதை வேறு யாரிடமும் விட்டதில்லை. "என் வீட்டு வாசக்காலை நான்தான் மாத்துவேன்" என்பார்.

அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், கூண்டை ஏற்றி இறக்கும் எந்திரத்தை ஓட்டினார். உலகத்தையே கீழே இறக்கிவிட்டவர், தான் மட்டும் ஒருமுறைகூடக் கூண்டில் ஏறியதில்லை. பயம். அதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

"வா மச்சான், ஒருநாள் என் வீட்டுக்கு. வாசல் வரைக்கும் வந்துட்டுப் போ."

"நான் கீழ போயிட்டா உன்னை யாரு மாப்ள மேல தூக்குறது?"

"தூக்க வேணாம். சட்டத்தைப் பிடிச்சு ஏறி வந்துடுறேன். நீ வா."

"போன தடவை நீ அளந்த லட்சணம் தெரியும். ஏறினா பக்கத்து ஊர்ல போய் முளைப்ப."

இந்தச் சண்டை முப்பது வருஷம் நடந்தது. எத்தனை லாரி கல் அந்தக் குழி வழியாக மேலே வந்தது, அந்தச் செம்பு எந்தெந்த ஊரில் விளக்கெரித்தது என்றெல்லாம் பேச்சு வரும்போது அவர் குறுக்கிடுவார். "எல்லாம் என் வாசல் வழியாத்தான் போச்சு." சொல்லும்போது நெஞ்சு ஒரு சுற்றுப் பெருக்கும்.

மகள் பிறந்தாள், படித்தாள், நில அளவைப் பொறியாளராகி வெளியூர் போனாள். பள்ளியில் அவளைக் கோணல் பொண்ணு என்று கூப்பிட்டார்கள். கல்லூரியில் சுரங்கப் பாடம் எடுத்தவர், பிழையான தூக்குக்குண்டுக்கு எடுத்துக்காட்டாக ஒரு குழியைச் சொன்னார். ஊர்ப் பெயர் சொல்லவில்லை. மகளுக்கு முகம் சுட்டது. அப்பாவிடம் சொன்னபோது அவர், "பாடத்துலயே வந்துட்டேனா?" என்று அன்றைக்கு முழுக்கச் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. அவளுக்குள் அது முள்ளாகத் தங்கிவிட்டது.

பிறகு குழிக்கு வயசானது. கல்லில் செம்பு மெலிந்தது. கிடைக்கும் செம்பின் விலையைவிட அடியில் ஊறும் தண்ணீரை இறைக்கும் செலவு கூடியது. சுரங்கத்தை மூடுகிறோம் என்று அறிவிப்பு வந்தது. ஆள்கள் கூட்டம் கூட்டமாகக் கணக்கு முடித்துக்கொண்டு போனார்கள். குழியைக் கல் கொட்டி நிரப்பி, வாயைக் கான்கிரீட்டால் அடைக்க ஒரு மூடல் அலுவலகம் திறந்தார்கள். கடைசி வரைபடத்தைத் தயார் செய்யும் பொறுப்பு மகளுக்கு வந்தது. கேட்டு வாங்கிக்கொண்டாள் என்றும் சொல்லலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டு மேசையில் விரித்து நாலு மூலையிலும் டம்ளர் வைத்தாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அட, நிமிர்ந்து நிக்குதே."

"ஆமாம்மா. அரசாங்கத்துல போய்ச் சேர்றது இதுதான். என்னைக்கும் இதுதான் இருக்கும்."

அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு குனிந்தார். விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். பாதியில் நிறுத்தினார். மறுபடி மேலிருந்து ஓட்டினார்.

"என் வீடு எங்க?"

"அப்பா, ஒப்பந்தக்காரர் கொடுத்த பழைய வரைபடத்துல நேராத்தான் இருக்கு. அதையேதான் நானும் போட்டிருக்கேன். இனிமே யாரும் உங்களைக் கோணல்னு சொல்ல மாட்டாங்க."

அவளுடைய முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்த பரிசைக் கொடுப்பதாக நினைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எனக்கு வலிக்குதுன்னு நான் எப்பவாவது உன்கிட்ட சொன்னேனா?"

"இல்லப்பா."

"அப்ப யாருக்கு வலிச்சுது?"

அவள் மூலையிலிருந்த டம்ளர் ஒன்றை நகர்த்தி வைத்தாள்.

"நேரா இருந்துச்சுன்னா இத்தனை வருஷம் இத்தனை பேரு சாஞ்சுக்கிட்டுப் போனாங்களே, அவங்கல்லாம் கிறுக்கனுங்களா?"

"என்னங்க, பிள்ளை ஆசையா செஞ்சிருக்கா" என்று அம்மா குறுக்கே வந்தாள்.

"ஆசையா செஞ்சா சரியா? நானும் ஆசையாத்தான் அன்னைக்குக் கம்பி விட்டேன்." குரல் தணிந்தது. "பாப்பா, மேலேருந்து கல்லைக் கொட்டுவீங்க. அது எங்க போய் நிக்கும்?"

அவளுக்குத் தெரியாத விஷயமல்ல. குறுகலிலோ வளைவிலோ கற்கள் ஒன்றையொன்று கவ்விப் பாலம் போல நின்றுவிடும். மேலே நிரம்பியது போலத் தெரியும், கீழே பொந்து இருக்கும். என்றைக்காவது கவ்வல் விட்டால் மேலே தரை உள்வாங்கும். அதற்குத் தனி முறை இருக்கிறது. வளைவு இருப்பது தெரிந்தால் அந்த இடத்தில் பொடிக் கல்லைத் தண்ணீரோடு சேர்த்துக் குழாய் வழியாக இறக்க வேண்டும். ஒரு சாணுக்கு அவ்வளவு வராது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அந்தச் சமாதானம் மேசைமேல் இருந்த டம்ளர் அளவுக்குக்கூடக் கனக்கவில்லை.

"நாளைக்கு ஆபீஸுக்கு நானும் வர்றேன்" என்றார் அவர். "என் கோணல் அதுல ஏறணும். அது ஏறாம வாயை அடைக்க விட மாட்டேன்."

மூடல் அதிகாரி நிதானமான மனிதர். இருவரையும் உட்கார வைத்துக் கேட்டார்.

"ஐயா, ஊரே சொல்லுதுன்னு எனக்கும் தெரியும். ஆனா ஊர் பேச்சை வெச்சு நான் கோடு போட முடியாது. அளவு வேணும்."

"அளந்துடுவோம் சார்" என்றாள் மகள்.

"வெள்ளிக்கிழமை கூண்டைக் கழட்டுறாங்க. பம்பும் நின்னுடும். அதுக்கப்புறம் யாரையும் உள்ள விட எனக்கு மனசு வராது. அதுக்குள்ள முடியுமா?"

"முடியும்" என்றார் கோணலார். "ஒண்ணே ஒண்ணு. அளக்குறப்போ விசிறி நிக்கணும். இந்தத் தடவை கீழ யாரும் இல்ல."

அதிகாரி சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாளே செய்தார்கள். குழி வாயில் இடப்பக்கச் சுவரிலிருந்து சரியாக ஒரு சாண் தள்ளிக் கம்பியைக் கட்டி இறக்கினாள் மகள். அடியில் எண்ணெய் வாளியில் குண்டு அமிழ்ந்ததும் விசிறியை நிறுத்தினார்கள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் நின்றது. எந்திர அறை ஜன்னலில் மச்சானின் தலை தெரிந்தது.

"மாப்ள, மெதுவாவே இறக்குறேன். பிள்ளை கூட இருக்கா, வாயைக் குறைச்சுக்க."

"நீயும் வாயேன். கடைசி சான்ஸு."

"எனக்கு எந்திரம் இருக்கு."

"இருக்கும் இருக்கும். வெள்ளிக்கிழமைக்கப்புறம் என்ன சொல்லுவன்னு பாக்குறேன்."

அப்பாவும் மகளும் கூண்டின் கூரைமேல் நின்றார்கள். வளையம் வளையமாக நிறுத்தி, கம்பிக்கும் சுவருக்கும் இடையில் எஃகு நாடா வைத்து அவள் அளவைச் சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார். அவள் குறித்துக்கொண்டாள். ஒரு சாண். ஒரு சாண். மறுபடி ஒரு சாண். சுவரில் தண்ணீர் வழிந்தது. தலைவிளக்குகளின் வெளிச்சத்தில் கம்பி மெல்லிய வெள்ளிக் கோடாக நின்றது. நிறுத்திய விசிறிக்குப் பழக்கப்படாத காது ஒவ்வொரு சொட்டையும் கேட்டது.

பாதி வழி வந்தபோது அவர் எதுவும் சொல்லாமல் தோளால் அவளை ஒரு இடி இடித்தார். அவள் கொஞ்சம் தடுமாறி இடப்பக்கம் சாய்ந்தாள். அவரும் சாய்ந்தார். அடுத்த நொடி கூண்டு மெத்தென்று ஒரு தட்டுத் தட்டி நகர்ந்தது.

"வாம்மா. வீட்டுக்கு வந்துட்டே" என்றார்.

மணி அடித்துக் கூண்டை நிறுத்தினார்கள். அவள் நாடாவை எடுத்தாள். அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"பொறு."

"கம்பி ஆடலியேப்பா."

"அன்னைக்கும் ஆடல."

விசிறி நின்றாலும் குழிக்குள் தானாக மேலேறும் காற்று ஒன்று உண்டு. அவர் சட்டத்தின்மேல் படிந்திருந்த கல்தூசியில் ஒரு சிட்டிகை எடுத்து, கம்பியின் பக்கத்தில் பிடித்து விட்டார். தூசி விளக்கு வெளிச்சத்தில் ஒரு பக்கமாக நகர்ந்து விழுந்தது. காத்திருந்தார்கள். மறுபடி ஒரு சிட்டிகை. இந்த முறை குறைவாக நகர்ந்தது. மறுபடியும் காத்திருந்தார்கள். மூன்றாவது சிட்டிகை கம்பியை ஒட்டி நூல் பிடித்தது போல நேராகக் கீழே போனது.

"இப்ப அள."

அவள் அளந்தாள். அளவைச் சொல்லும் முன்பே அவர் கையை விரித்துச் சுவரில் வைத்தார். கட்டைவிரல் சுவரில், சுண்டுவிரல் காற்றில். அங்கிருந்து இன்னொரு முறை விரித்தார். சுண்டுவிரல் கம்பியைத் தொட்டது. இரண்டு சாண். மேலே ஒன்று, இங்கே இரண்டு. ஒரு சாண் கோணல், அன்று சொன்னது சொன்னபடி.

"பாத்தியா?" என்றார். ஆறு பேரை மூச்சு விட வைத்த அந்த நாளின் முகம் அப்படியே திரும்ப வந்திருந்தது. "கொஞ்சமாவது கூடக்குறைய இருக்கா?"

"இல்லப்பா."

"எழுது."

எழுதினாள். கண் மங்கலாக இருந்ததால் எண்ணை இருமுறை சரிபார்த்தாள்.

புதிய வரைபடத்தில் குழி இடுப்பை ஒடித்து நின்றது. வளைவின் பக்கத்தில் அளவுகளோடு அவள் இரண்டு சொற்கள் எழுதியிருந்தாள். அதிகாரி விரலை வைத்துக் கேட்டார். "இது என்னம்மா, கோணலார் வீடு?"

"அந்த இடத்துக்கு அதுதான் சார் பேரு. வேலை செஞ்ச எல்லாரையும் கேட்டுப் பாருங்க."

அவர் யாரையும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை கூண்டு கழன்றது. வடத்தைச் சுற்றி எடுத்தார்கள். மச்சான் எந்திர அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். நிரப்பும் வேலை பல மாதம் நடந்தது. நிரப்பிய கல் வளைவின் உயரத்துக்கு வந்ததும் லாரிகளை நிறுத்தி, குழாய் இறக்கி, பொடிக் கல்லையும் தண்ணீரையும் சேர்த்து அனுப்பினார்கள். மகள் தினமும் ஆழம் பார்த்தாள். நிரப்பியது எங்கும் தொங்கவில்லை, கணக்குப்படியே ஏறிவந்தது. கடைசியில் வாயின்மேல் கான்கிரீட் மூடி போட்டார்கள். அது காய்ந்த அன்று அவர் அதன் நடுவில் போய் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் ஒருமுறை மிதித்துப் பார்த்தார்.

"என்னப்பா பாக்குறீங்க?"

"மூடி மட்டமா இருக்கு. யாரு பார்த்த வேலை?"

"நான்தான்."

"பரவாயில்ல" என்றார். அவருடைய வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வந்து யாரும் கேட்டதில்லை. ஆனால் அன்று மாலை தெருவில் பார்த்த ஒவ்வொருவரிடமும், "வரைபடத்துல ஏறிட்டேன், தெரியுமா? என் பொண்ணு ஏத்தினா" என்று சொல்லிக்கொண்டு போனார். கோபுரத்தைப் பிரித்து எடுத்துப் போனபோது ஊர் கண்கலங்கியது. அவர் கலங்கவில்லை. "வெளிய தெரியுறதைத்தான கொண்டு போறாங்க" என்றார்.

கல்தூசி நுரையீரலில் தங்கியிருந்தது. அது தன் வேலையை மெதுவாகச் செய்தது. இந்த வருஷம் மூச்சு வாங்குவது கூடியதும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மூச்சுக் கவசம் மாட்டி, சக்கரக் கட்டிலில் படுக்கவைத்து லிஃப்டுக்குள் தள்ளினார்கள். கூடவே மகளும், பழைய கூட்டாளிகள் நாலைந்து பேரும், மச்சானும் ஏறிக்கொண்டார்கள். லிஃப்ட் வழுக்கிக்கொண்டு மேலே போனது. பாதி தூரத்தில், யாரும் சொல்லாமல், கிழவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இடப்பக்கம் சாய்ந்தார்கள்.

நர்ஸ் பதறிவிட்டாள். "என்ன சார், எல்லாருக்கும் தலை சுத்துதா?"

"இல்லம்மா" என்றார் ஒருவர். "அவரு வீடு வந்துடுச்சு."

கவசத்துக்குள் அவர் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. இருமல் அடங்கியதும் கையைத் தூக்கிச் சுட்டினார். மச்சான் மட்டும் நடுவில் கம்பமாக நின்றிருந்தார்.

"சாயாத ஆளைப் பாருங்கப்பா."

"எனக்கென்ன தெரியும் மாப்ள. நான் எப்பவும் மேலதானே இருந்தேன்."

"இப்பவாவது ஒத்துக்கிட்டியே."

அந்த வாரத்திலேயே அவர் போய்விட்டார். காலையில். மகள் பக்கத்தில் இருந்தாள். மூச்சு குறைந்துகொண்டே வந்து நின்றது. சக்கரம் நிற்பது போல.

அதே லிஃப்டில் கீழே கொண்டு வந்தார்கள். அதே கூட்டாளிகள். வெள்ளைத் துணி. கதவு மூடியது. மகள் தலைமாட்டில் நின்றாள். மச்சான் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். எத்தனையோ பேரைப் பத்திரமாக இறக்கி ஏற்றிய கைகள் கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்தன. லிஃப்ட் நகரத் தொடங்கியதும் அவர் அவள் பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எந்தப் பக்கம்மா?"

"இடப்பக்கம் மாமா."

"எப்ப?"

பாதி தூரம் வந்ததும் அவள் தோளால் அவரை ஒரு இடி இடித்தாள்.